மட்டில் கேஷ் கோப்புகள்: எதை வைப்பது, எதை அழிப்பது

மட் என்பது டெர்மினலில் ஓடும் மெயில் நிரல். மைக்கேல் எல்கின்ஸ் 1995-இல் எழுதத் தொடங்கியது. மவுஸ் இல்லாமல், படங்கள் இல்லாமல், விசைப்பலகையை மட்டும் வைத்து ஆயிரக்கணக்கான மெயில்களைக் கையாள விரும்புகிறவர்கள் இன்றும் அதையோ அதிலிருந்து கிளைத்த நியோமட்டையோதான் பயன்படுத்துகிறார்கள். இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொருந்தும்.

ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) கணக்கை மட்டில் புதிதாகச் சேர்த்தவர்கள் முதலில் கவனிப்பது அதன் தாமதத்தை. இருபதாயிரம் மெயில் உள்ள இன்பாக்ஸைத் திறந்தால் திரையின் கீழ் வரியில் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். மூடிவிட்டு மறுபடி திறந்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஓடும். மட் தானாக எதையும் கேஷ் செய்து, அதாவது மறுபடி சர்வரைக் கேட்காமலிருக்க நகலை வட்டில் எழுதி, வைத்துக்கொள்வதில்லை என்பதுதான் காரணம். நாம் சொன்னால்தான் செய்யும். சரி, சொல்லிவிட்டோம், வேகம் வந்துவிட்டது. சில மாதம் கழித்து ஹோம் டைரக்டரியில் சில ஜிபி காணாமல் போயிருக்கும். அப்போது எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள், அல்லது அழிக்கக்கூடாததை அழித்துவிடுகிறார்கள். மூல மெயில் எங்கே இருக்கிறது, நகல் எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்த இரண்டு சிக்கலும் வராது.

ஒரு சிறு குறிப்பு. கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். இடையில் வரும் அடிக்கோடு, புள்ளி, சாய்கோடு எல்லாம் அப்படியே வர வேண்டும். கேஷ் என்று வரும் இடமெல்லாம் சி-ஏ-சி-எச்-இ.

இரண்டு கேஷ்கள்

மட்டில் இரண்டு வகைக் கேஷ் உண்டு. இரண்டும் தனித்தனி அமைப்பு, தனித்தனி குணம்.

முதலாவது ஹெடர் கேஷ். அனுப்பியவர் யார், தேதி என்ன, சப்ஜெக்ட் என்ன, எந்த மெயிலுக்குப் பதில் என்பன போன்ற விவரங்களை மட்டும் ஒரு டேட்டாபேஸ் கோப்பில் எழுதி வைக்கும். ஃபோல்டரைத் திறந்ததும் வரும் பட்டியலைக் காட்ட இது போதும். ஐமேப், பாப் (மெயிலை சர்வரிலிருந்து இறக்கும் முறை), ஒரு கோப்புக்கு ஒரு மெயில் என்று வட்டில் வைக்கும் மெயில்டிர், எம்ஹெச் வகை ஃபோல்டர்களுக்கு இது உதவும். எல்லா மெயிலும் ஒரே கோப்பில் வரிசையாக இருக்கும் எம்பாக்ஸ் வகைக்கு இது கிடையாது. உங்கள் மெயில் எல்லாம் எம்பாக்ஸில்தான் இருக்கிறது என்றால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி உங்களுக்குத் தேவைப்படாது.

இரண்டாவது பாடி கேஷ். ஐமேப் அல்லது பாப் சர்வரிலிருந்து நீங்கள் திறந்து பார்த்த ஒவ்வொரு மெயிலையும் இணைப்புகளோடு சேர்த்து முழுதாகச் சேமித்து வைக்கும். அதே மெயிலை நாளைக்குத் திறந்தால் சர்வரைக் கேட்காமல் வட்டிலிருந்தே காட்டும். இடத்தைத் தின்பது பெரும்பாலும் இதுதான்.

அமைப்பது

முதலில் உங்கள் மட்டில் ஹெடர் கேஷ் வசதி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டெர்மினலில் "மட் -வி" என்று தட்டினால் நீண்ட பட்டியல் ஒன்று வரும். அதில் ஹெச்கேஷ் என்று முடியும் சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் வசதி உண்டு, கழித்தல் குறி இருந்தால் இல்லை. எந்த டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறது என்பதும் அங்கேயே தெரியும்: டோக்கியோகேபினட், எல்எம்டிபி, ஜிடிபிஎம் என்று ஏதாவது ஒரு பெயர். எது வந்தாலும் தொடக்கத்தில் கவலைப்பட வேண்டாம்.

அடுத்து, கேஷுக்கு இடம் உருவாக்குங்கள். இந்தப் படியைத் தவிர்த்துவிடாதீர்கள். ஹெடர் கேஷ் அமைப்பில் நீங்கள் தரும் பாதை ஏற்கெனவே ஒரு டைரக்டரியாக இருந்தால், மட் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனி டேட்டாபேஸ் கோப்பு வைக்கும். அப்படி ஒரு டைரக்டரி இல்லை என்றால், அந்தப் பெயரில் ஒரே ஒரு கோப்பை உருவாக்கி எல்லா ஃபோல்டரின் விவரங்களையும் அதிலேயே போட்டுவிடும். அதுவும் வேலை செய்யும்தான். ஆனால் ஒரு ஃபோல்டரின் கேஷ் மட்டும் கெட்டுப்போனால் அதை மட்டும் நீக்க வழியில்லை, மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டியதுதான். அதனால் டைரக்டரி முறையே நல்லது.

எம்கேடிர் -பி ~/.கேஷ்/மட்/ஹெடர்ஸ் ~/.கேஷ்/மட்/பாடீஸ்

சிஎச்மோட் 700 ~/.கேஷ்/மட்

இரண்டாவது கட்டளை உங்களைத் தவிர வேறு பயனர் யாரும் உள்ளே பார்க்காமல் தடுக்கிறது. பலர் பயன்படுத்தும் கணினி என்றால் கட்டாயம் செய்யுங்கள். கல்லூரி ஆய்வகத்துக் கணினியில் மட் வைத்திருப்பவர்கள் இதைப் பெரும்பாலும் செய்வதில்லை, அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

இப்போது ஹோம் டைரக்டரியில் இருக்கும் .மட்ஆர்சி கோப்பைத் திறந்து இந்த இரண்டு வரிகளைச் சேருங்கள்:

செட் ஹெடர்_கேஷ் = "~/.கேஷ்/மட்/ஹெடர்ஸ்"

செட் மெசேஜ்_கேஷ்டிர் = "~/.கேஷ்/மட்/பாடீஸ்"

இரண்டாவது வரியில் கேஷ்டிர் என்பது கேஷுடன் டி-ஐ-ஆர் ஒட்டிய ஒரே சொல். நடுவில் அடிக்கோடு போட்டுவிட்டு, மட் தொடங்கும்போதே பிழை காட்டுகிறதே என்று தேடுகிறவர்கள் உண்டு.

ஹெடர் கேஷும் பாடி கேஷும் ஒரே டைரக்டரியில் இருந்தாலும் மட் குழம்பாது. ஐமேப் ஃபோல்டரின் ஹெடர் டேட்டாபேஸுக்குப் பெயரின் கடைசியில் .ஹெச்கேஷ் என்று ஒட்டிக்கொள்ளும், அதை வைத்து அடையாளம் காணலாம். ஆனாலும் தனித்தனியாக வைக்கவே சொல்வேன். இரண்டையும் சுத்தம் செய்யும் முறை வேறு வேறு. ஒரே இடத்தில் கலந்து வைத்தால் ஒவ்வொரு முறையும் கோப்பின் பெயரைப் பார்த்துப் பார்த்து அழிக்க வேண்டியிருக்கும்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

மட்டை மூடி, திறந்து, ஒரு பெரிய ஃபோல்டருக்குள் போங்கள். முதல் முறை தாமதம் அப்படியேதான் இருக்கும், கேஷ் இப்போதுதான் நிரம்புகிறது. வெளியே வந்து மறுபடி அதே ஃபோல்டரைத் திறங்கள். இப்போது கீழ் வரியில் "எவாலுவேட்டிங் கேஷ்" என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி ஓடிவிட்டுப் பட்டியல் சட்டென்று வந்தால் எல்லாம் சரி. பழையபடி "ஃபெட்சிங் மெசேஜ் ஹெடர்ஸ்" என்று முதல் மெயிலிலிருந்து எண்ணத் தொடங்கினால், பாதை தவறு அல்லது எழுத அனுமதி இல்லை. ஹெடர்ஸ் டைரக்டரிக்குள் கோப்பு ஏதாவது உருவாகியிருக்கிறதா என்று பாருங்கள், விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இதற்கு மேலும் வேகம் வேண்டுமென்றால் ஐமேப்_காண்ட்ஸ்டோர் என்ற அமைப்பு இருக்கிறது. 2018-இல் வந்த மட் 1.11-இல் சேர்ந்தது. சர்வரிலும் அந்த வசதி இருந்தால், கடைசியாகப் பார்த்ததற்குப் பிறகு மாறியவற்றை மட்டும் கேட்டு வாங்கும். ஆனால் ஜிமெயிலில் இதை இயக்கினால் வேகம் குறைகிறது என்று மட்டின் கையேடே சொல்கிறது. ஆகவே ஜிமெயில் பயனர்கள் இதைத் தொட வேண்டாம்.

மெயில்டிர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேறு நிரல் ஏதாவது மெயில் கோப்பைத் திருத்தியிருக்கிறதா என்று மட் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கோப்பாகச் சரிபார்க்கும். சொந்த வட்டில் இது உறைக்காது. நெட்வொர்க் வழியாக வரும் என்எஃப்எஸ் வட்டில் மெயில்டிர் இருந்தால் இதுவே பெரிய தாமதமாகிவிடும். அங்கே மட்டும் மெயில்டிர்_ஹெடர்_கேஷ்_வெரிஃபை என்பதை "நோ" என்று மாற்றலாம். மெயில் கோப்புகளின் உள்ளே கை வைக்கும் வேறு நிரல் எதுவும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

பாடி கேஷ் ஏன் இப்படிப் பெருக்கிறது

எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று பார்க்க:

டியூ -எஸ்ஹெச் ~/.கேஷ்/மட்/*

ஹெடர்ஸ், பாடீஸ் இரண்டின் அளவும் தனித்தனியாக வரும். பாடீஸ் பெரிதாக இருந்தால் காரணம் பெரும்பாலும் பின்வருவனவற்றில் ஒன்று.

இணைப்புகள். மெயிலோடு வரும் படமும் பிடிஎஃப்பும் பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளாக மாற்றப்பட்டே வருகின்றன. மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது. ஆகவே 9 எம்பி படம் மெயிலுக்குள் 12 எம்பிக்கு மேல் ஆகிவிடும். பாடி கேஷ் மெயிலை சர்வரில் இருக்கிறபடியே சேமிப்பதால் அந்த 12 எம்பியும் வட்டில் உட்காரும். நீங்கள் இணைப்பைத் திறக்காமல் மெயிலை மட்டும் படித்திருந்தாலும் அப்படித்தான்.

ஜிமெயில். அங்கே லேபிள்கள்தான் ஐமேப்பில் ஃபோல்டர்களாகத் தெரிகின்றன. ஒரே மெயில் இன்பாக்ஸிலும் இருக்கும், "ஆல் மெயில்" ஃபோல்டரிலும் இருக்கும், நீங்கள் வைத்த லேபிளிலும் இருக்கும். மட் ஃபோல்டர் வாரியாகச் சேமிப்பதால் மூன்று இடத்திலும் அதைத் திறந்தால் மூன்று நகல் சேரும். அன்றாடம் இன்பாக்ஸில் படித்துவிட்டு, பழையதைத் தேட மட்டும் ஆல் மெயிலுக்குப் போவது என்று பழகிக்கொண்டால் இது கட்டுக்குள் இருக்கும்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: தேடல். பட்டியலில் "எல்" விசையை அழுத்தி ~பி என்று போட்டு ஒரு சொல்லைத் தேடினால், மட் மெயிலின் உள்ளடக்கத்தில் தேடுகிறது. உள்ளடக்கம் கையில் இருந்தால்தானே தேட முடியும்? அதனால் அந்த ஃபோல்டரில் இதுவரை இறக்காத மெயில்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாக இறக்கித் தேடும். பாடி கேஷ் இருந்தால் அத்தனையும் அங்கே தங்கிவிடும். ஒரே ஒரு தேடலில் பத்து வருட மெயிலும் வட்டுக்கு வந்து சேர்ந்துவிடும்.

இதற்கு மாற்று எளிது. ~ குறிக்குப் பதிலாக = குறி போட்டு, =பி என்று தேடுங்கள். ஐமேப் ஃபோல்டரில் அப்படிப் போட்டால் தேடும் வேலையை சர்வரே செய்து, எந்த எந்த மெயிலில் அந்தச் சொல் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எதுவும் இறங்காது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் (குறிகளால் எழுதும் தேடல் வடிவம்) போட முடியாது, நேரடிச் சொல் மட்டும்தான். அன்றாடத் தேவைக்கு அது போதும். பெரிய ஃபோல்டர் வைத்திருப்பவர்கள் மட்டில் முதலில் பழக வேண்டியது இதைத்தான் என்பேன்.

அதே சமயம், இன்டர்நெட் சரியாகக் கிடைக்காத ஊருக்குப் போகப்போகிறீர்கள், அங்கே போய்ப் பழைய மெயிலைப் படிக்கவும் தேடவும் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு பாடி கேஷை நம்ப வேண்டாம். ஐமேப் ஃபோல்டரைத் திறக்கவே மட்டுக்கு சர்வர் வேண்டும். கேஷ் நிறைய இருந்தும் உள்ளே போக முடியாது. அந்தத் தேவைக்கு எம்பிசிங்க், ஆஃப்லைன்ஐமேப் போன்ற நிரல்களால் மெயிலை மெயில்டிராக இறக்கி வைத்துக்கொள்வதே வழி.

சுத்தம் செய்வது

ஹெடர் கேஷைப் பொறுத்தவரை, அதைப் பராமரிக்க மட்டில் எந்தக் கட்டளையும் இல்லை. நீங்கள் அழித்த மெயில்களின் இடம் டேட்டாபேஸுக்குள் மறுபடி பயன்படுமா என்பது அந்த டேட்டாபேஸைப் பொறுத்தது. எல்எம்டிபி காலி இடத்தை மறுபடி பயன்படுத்தும், ஆனால் கோப்பின் அளவு சுருங்காது. கோப்பு அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டால், அல்லது பட்டியலில் ஏதோ தப்பாகத் தெரிந்தால், மட்டை மூடிவிட்டு அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது மட் புதிதாகக் கட்டிக்கொள்ளும். அந்த ஒரு முறை மட்டும் காத்திருக்க வேண்டும். மூடிவிட்டு என்று சொன்னதைக் கவனியுங்கள். டேட்டாபேஸில் எழுதிக்கொண்டிருக்கும்போது அதைக் காலடியிலிருந்து உருவ வேண்டாம்.

மெயில்டிருக்கான ஹெடர் கேஷ் கோப்பின் பெயர் 32 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரமாக இருக்கும். எந்த ஃபோல்டருக்கு எது என்று பார்த்தால் தெரியாது. பரவாயில்லை, சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் அழிக்கலாம்.

பாடி கேஷ் இன்னும் தாராளமானது. அதிலுள்ள கோப்பு ஒவ்வொன்றும் ஒரு மெயில். எப்போது வேண்டுமானாலும், எதை வேண்டுமானாலும் நீக்கலாம். நீக்கியதை மறுபடி திறந்தால் சர்வரிலிருந்து மறுபடி வரும். மட்டில் நீங்கள் அழிக்கும் மெயில்களை மட்டே கேஷிலிருந்தும் எடுத்துவிடும். ஆனால் அதே கணக்கின் மெயிலை போனிலோ பிரவுசரிலோ அழித்தால் மட்டுக்குத் தெரியாது, அதன் நகல் இங்கே அனாதையாகக் கிடக்கும். இப்படிப்பட்டவற்றைத் துடைக்கத்தான் மெசேஜ்_கேஷ்_கிளீன் என்ற அமைப்பு இருக்கிறது.

இதை .மட்ஆர்சியில் நிரந்தரமாகப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முறை ஃபோல்டரை ஒத்திசைக்கும்போதும் முழுக் கேஷையும் சரிபார்க்கும், பெரிய ஃபோல்டரில் எரிச்சல் வரும் அளவுக்குத் தாமதமாகும். எப்போதாவது ஒரு முறை இப்படிச் செய்தால் போதும்: ஃபோல்டருக்குள் இருக்கும்போது முக்காற்புள்ளியை, அதாவது கோலன் விசையை அழுத்துங்கள். கீழே வரும் இடத்தில் "செட் மெசேஜ்_கேஷ்_கிளீன்" என்று தட்டி என்டர் கொடுங்கள். பிறகு டாலர் குறியை அழுத்தினால் ஒத்திசைவு நடக்கும், சுத்தமும் நடக்கும். மாற்றம் எதுவும் இல்லை என்று மட் சொல்லி நிறுத்திவிட்டால், ஏதாவது ஒரு மெயிலின் மேல் நின்று பெரிய எஃப் அழுத்தி முக்கியக் குறி போட்டுவிட்டு மறுபடி டாலரை அழுத்துங்கள். குறியை அப்புறம் எடுத்துவிடலாம். மட்டை மூடியதும் இந்த அமைப்பும் போய்விடும்.

வயதை வைத்து அழிக்க விரும்பினால் ஃபைண்ட் கட்டளை கைகொடுக்கும். 90 நாளுக்கு முன் இறக்கியவற்றை மட்டும் பட்டியலிட:

ஃபைண்ட் ~/.கேஷ்/மட்/பாடீஸ் -டைப் எஃப் -எம்டைம் +90

பட்டியல் சரியாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, அதே வரியின் கடைசியில் -டிலீட் என்று சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். கடைசியில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஃபைண்ட் நிபந்தனைகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும். -டிலீட்டை முன்னால் போட்டால் 90 நாள் நிபந்தனைக்கு வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். கேஷ் என்பதால் இங்கே நஷ்டமில்லை. பாதையைத் தவறாகத் தட்டியிருந்தால் நஷ்டம் பெரிது.

தொடக்கூடாதவை

இங்கே நிதானமாகப் படியுங்கள். மட்டைச் சுற்றி ஹோம் டைரக்டரியில் இன்னும் சில கோப்புகள் இருக்கும். பார்க்கத் தற்காலிகக் கோப்பு போலத் தெரிந்தாலும் அவை கேஷ் அல்ல.

போஸ்ட்போண்ட் என்ற கோப்பில் நீங்கள் பாதி எழுதி நிறுத்திய மெயில்கள் இருக்கின்றன. சென்ட் என்ற கோப்பில் அனுப்பிய மெயில்களின் பிரதி இருக்கிறது, நீங்கள் அதை சர்வரில் சேமிக்கும்படி மாற்றாவிட்டால் வேறு எங்கும் அது இல்லை. அலையஸ் கோப்பு உங்கள் முகவரிப் புத்தகம். பாப் முறையில் மெயிலை இறக்கியதும் சர்வரிலிருந்து நீக்கும்படி அமைத்திருந்தால், உங்கள் வட்டில் இருப்பதுதான் மூலம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது மெயில்டிர். எம்பிசிங்கோ ஆஃப்லைன்ஐமேப்போ இறக்கி வைத்திருக்கும் மெயில்டிர் ஃபோல்டர், பாடி கேஷைப் போலவே ஒரு கோப்புக்கு ஒரு மெயில் என்று இருக்கும். சர்வரில்தான் எல்லாம் இருக்கிறதே என்று நினைத்து அதிலிருந்து பழையவற்றை அழித்தால், அடுத்த ஒத்திசைவில் அந்த நிரல் "பயனர் இவற்றை அழித்துவிட்டார்" என்று புரிந்துகொள்ளும். அமைப்பைப் பொறுத்து சர்வரிலும் அவை அழிந்துபோகலாம். பாடி கேஷ் ஒரு வழிப் பாதை, இது இரு வழிப் பாதை. அழிக்கும் கட்டளையைத் தட்டுமுன் பாதை .கேஷ்/மட் என்று இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் கண்ணில் படும்

பாடி கேஷில் மெயில்கள் பூட்டு எதுவும் இல்லாமல் கிடக்கின்றன. வங்கி மெயிலும் மருத்துவ அறிக்கையும் உட்பட. கணினி திருடுபோனால் வட்டைக் கழற்றிப் படிக்கலாம். மடிக்கணினி என்றால் வட்டையே என்கிரிப்ட் செய்து வைப்பதுதான் முறையான தீர்வு. சிஎச்மோட் 700 அதே கணினியின் மற்றப் பயனர்களிடமிருந்து மட்டுமே காக்கும்.

பிஜிபி கொண்டு மறையாக்கிய மெயில்கள் பாடி கேஷிலும் மறையாக்கிய வடிவிலேயே இருக்கும், அது நல்லது. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. சில நிரல்கள் சப்ஜெக்டையும் மறைத்து அனுப்புகின்றன. அப்படிப்பட்ட மெயிலை நீங்கள் திறந்து படித்ததும், மறைவு நீங்கிய உண்மையான சப்ஜெக்டை மட் ஹெடர் கேஷில் எழுதிக்கொள்ளும். அடுத்த முறை பட்டியலில் தெரியவும் தேடவும் அது வசதிதான். ஆயினும் மறைத்து அனுப்பப்பட்ட வரி ஒன்று இப்போது உங்கள் வட்டில் வெளிப்படையாக இருக்கிறது. இத்தகைய மெயில்கள் நிறைய வருகிறவர்களுக்கு வட்டு என்கிரிப்ஷன் தவிர்க்க முடியாதது.

இணைப்பைத் திறக்கும்போது உருவாகும் தற்காலிகக் கோப்பு வேறு கதை. அது டிஎம்பிடிர் அமைப்பு காட்டும் இடத்துக்கு, பொதுவாக /டிஎம்பிக்குப் போகும். பார்க்கும் நிரல் மூடியதும் மட் அதை அழித்துவிடும். மட் பாதியில் நின்றுபோனால் அங்கேயே தங்கிவிடும், அதை நீங்களே அழிக்கலாம். சில பிடிஎஃப் நிரல்கள் பின்னணிக்குப் போய்விட்டு, வேலை முடிந்தது என்று மட்டிடம் உடனே சொல்லிவிடும். உடனே மட் அந்தக் கோப்பை அழித்துவிடும், திரையில் "கோப்பு இல்லை" என்று வரும். இது கேஷ் பிரச்சினை அல்ல, எந்த வகை இணைப்பை எந்த நிரலால் திறப்பது என்று சொல்லும் மெயில்கேப் கோப்பில் அந்த நிரலை அழைக்கும் விதத்தை மாற்ற வேண்டும்.

பேக்கப்பும் புதிய கணினியும்

பேக்கப் எடுக்கும் நிரலில் .கேஷ் டைரக்டரியை விலக்கிவிடுங்கள். பல நிரல்கள் தாமாகவே விலக்குகின்றன, ஆனாலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இங்கே அழித்த மெயிலின் நகல் பழைய பேக்கப்பில் ஆண்டுக்கணக்கில் கிடப்பதை யாரும் விரும்புவதில்லை.

புதிய கணினிக்கு மாறும்போது .மட்ஆர்சி, அலையஸ், போஸ்ட்போண்ட், கையொப்பக் கோப்பு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். கேஷை விட்டுவிடுங்கள். அங்கே இருக்கும் மட்டின் பதிப்போ டேட்டாபேஸோ வேறாக இருந்தால் பழைய ஹெடர் கேஷ் எப்படியும் உதவாது. எம்கேடிர் வரியை மறுபடி ஓட்டி, நல்ல இன்டர்நெட் இணைப்பு இருக்கும் நேரம் பார்த்துப் பெரிய ஃபோல்டர்களை ஒரு முறை திறந்து மூடினால் போதும், ஹெடர் கேஷ் நிரம்பிவிடும்.